கடைசிக் கார்கோ

ஆர்யசாலை,
திருவனந்தபுரம்.

அன்பு மகன் செல்வகணேஷுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் தம்பி மஹேஷும் அவன் பெண்டாட்டி ஷிஜாவும் சுகமாக இருக்கிறோம். சார்ஜாவில் நீயும் மருமகள் திவ்யலட்சுமியும் பேத்தியும் நோய் நொடி இல்லாமல் இருக்கப் பழவங்காடிப் பிள்ளையார் துணையிருப்பார். இந்தக் காலத்தில் யாரம்மா கடிதம் எழுதுகிறார்கள் என்று நீ கேட்பாய். போனில் பேசினால் உடனே ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய், மகனிடம் நான் சொல்வதை வீடே உட்கார்ந்து கேட்கிறது, நடுவில் மருமகள் தொண்டையைக் கனைக்கிறாள். பக்கத்து வீட்டு உமாசங்கர் லீவு முடிந்து நாளைக்கு அங்கே திரும்புகிறான், அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நீ மட்டும் தனியாக இருந்து படி.

நீ அனுப்பிய போட்டோக்களையெல்லாம் பார்த்தேன். சோபாவை விற்றாயிற்று, கட்டிலை விற்றாயிற்று, ஹாலில் இரண்டு மெத்தையைப் போட்டு மூன்று பேரும் படுக்கிறோம், இருக்கிற ஒரே சட்டியில் சோறு வடித்துவிட்டு அதையே கழுவிக் குழம்பு வைக்கிறோம் என்று பிக்னிக் போனவன் மாதிரிச் சிரித்துக்கொண்டு சொல்கிறாய். பால்கனியில் நின்ற கறிவேப்பிலைச் செடியைப் பக்கத்து ஃபிளாட் பிலிப்பைன்ஸ்காரிக்குக் கொடுத்துவிட்டு மருமகள் ராத்திரி முழுக்க அழுதாளாம். அழட்டும், அந்தப் பெண் அதைப் பூச்செடி என்று நினைத்துப் பூக்கும் பூக்கும் என்று தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பாள். தினமும் சூட்கேஸைத் தூக்கி எடை பார்க்கிறீர்கள், கூடினால் ஒரு செருப்பை எடுத்து வெளியே போடுகிறீர்கள். பத்தொன்பது வருஷமாக எட்டிப் பார்க்காத மியூசியத்துக்கும் கடற்கரைக்கும் இப்போது லீவு நாள்தோறும் போய் நின்று போட்டோ எடுக்கிறீர்கள். பேத்தி பள்ளிக்கூடச் சட்டை முழுக்கக் கூட்டுக்காரிகளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்து அதைத் துவைக்கக் கூடாது என்கிறாளாம். எனக்கு இதில் எதைப் பார்த்தும் சிரிப்பு வரவில்லை. நேராகவே சொல்லிவிடுகிறேன், நீ ஒரேயடியாகத் திரும்பி வருவதில் எனக்குச் சந்தோஷம் இல்லை. உன் கம்பெனிக்காரன் உன்னை இன்னும் இரண்டு வருஷமாவது வைத்துக்கொள்ள வேண்டும் என்று பழவங்காடியில் தேங்காய் எறிந்துவிட்டு வந்தவள் நான். பிள்ளையார் அந்தத் தேங்காயை வாங்கிக்கொண்டு சும்மா இருந்துவிட்டார்.

உன் பெட்டிகள் போன திங்கட்கிழமை வந்து சேர்ந்தன. கொஞ்சம் சாமான் வரும், எடுத்து வையுங்கள் என்று மட்டும்தான் நீ போனில் சொன்னாய். கார்கோ வண்டி தெருமுனையில் திரும்பும்போதே எல்லாரும் பார்த்துவிட்டார்கள். வருஷா வருஷம் உன் பெட்டி வரும், கூடத்தில் வைத்துப் பிரிப்பேன், சொந்தக்காரர் முதல் பாத்திரம் தேய்க்கிறவள் வரைக்கும் ஆளுக்கொன்று கொடுப்பேன், அது நம் வீட்டு வழக்கம். அதை நம்பி இந்தத் தடவையும் அத்தனை பேரும் வந்து வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். ஷிஜா மட்டும் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு, அம்மே, இது சேட்டனும் சேச்சியும் புழங்கின சாதனங்களல்லே, திறக்கணோ என்று அவள் மலையாளத்தில் இழுத்தாள். திற என்றேன். முதல் பெட்டியில் சோப்பும் பால்பவுடரும் இருக்கும் என்று பார்த்தால் அடி கருத்த குக்கர் இருந்தது. அடுத்ததில் உங்கள் படுக்கை விரிப்புகள். மூன்றாவதில் பேத்தியின் புத்தகங்களும் மேசை விளக்கும் ஓட்டப் பந்தயத்தில் வாங்கிய மெடல்களும். எனக்கு அப்போதே புரிந்துவிட்டது, இது கொடுப்பதற்கு வந்த பெட்டி இல்லை, ஒரு குடும்பம் பெயர்ந்து வருகிறது என்று. உடனே மூடியிருக்கலாம், நான் மூடவில்லை. கூடம் நிறைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது மூடினால் என்ன அர்த்தம், செண்பகவல்லியின் மகன் வேலை போய் மூட்டை முடிச்சோடு வருகிறான் என்று அர்த்தம். அவன் அங்கே எல்லாம் புதிதாக வாங்கிவிட்டான், பழையதைக் கழித்து அனுப்பியிருக்கிறான், வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். எடுத்துக்கொண்டார்கள்.

ஆகையால் நீ வந்து எது எங்கே என்று தேட வேண்டாம். குக்கரும் பாத்திரங்களும் நான்கு வீட்டுக்குப் போய்விட்டன. மேசை விளக்கை, சாலைக் கடைத்தெருவில் இரும்புக்கடை வைத்திருக்கும் சற்குணம் தன் மகளுக்கு என்று கேட்டான், கொடுத்துவிட்டேன். மெடல்களை வேலைக்காரியின் பிள்ளைகள் கழுத்தில் போட்டுக்கொண்டு தெருவில் ஓடுகின்றன, பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. உன் ஐஸ் பெட்டியையும் மடக்கு நாற்காலிகளையும் மஹேஷ் மாடிக்குக் கொண்டுபோய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை அதையெல்லாம் காரில் ஏற்றிக்கொண்டு கல்லாற்றுக்குப் போனோம், எல்லாரும் ஆற்றில் இறங்கிக் குளித்தார்கள், நான் உன் நாற்காலியில் உட்கார்ந்து ஐஸ் பெட்டியிலிருந்து மாம்பழம் எடுத்துச் சாப்பிட்டேன். நாற்காலி என் முதுகுக்கு நன்றாக இருக்கிறது, அதைத் திருப்பிக் கேட்காதே. மருமகளிடம் சொல், பத்தொன்பது வருஷம் சேர்த்த சாமான் போயிற்று என்று என் முன்னால் மூக்கைச் சிந்த வேண்டாம். அவள் அம்மா வீட்டிலிருந்து வந்தது ஒரு மிக்சி, அதை மட்டும் யாருக்கும் கொடுக்காமல் எடுத்து வைத்திருக்கிறேன். மற்றவர் பொருளுக்கு நான் ஆசைப்பட்டவள் இல்லை.

நீங்கள் எங்கே படுப்பீர்கள் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். மாடி நீ கட்டியதுதான், அதை யாரும் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கட்டினவன் அங்கே, குடியிருக்கிறவன் இங்கே, ஒன்பது வருஷமாக மஹேஷ்தான் மாடியில் இருக்கிறான். நீ வருகிறாய் என்று அவனிடம் சொன்னபோது, அண்ணன் வரட்டும்மா, வந்தா எங்க இருக்கதுன்னு நீங்கதான சொல்லணும் என்று சொல்லிவிட்டு டிவியைச் சத்தமாக வைத்தான். அவன் கெட்டவன் இல்லை. நீ வருஷத்தில் ஒரு மாதம் வரும்போது மாடியைக் காலி செய்து கொடுத்துவிட்டுக் கீழே வந்து பாயில் படுப்பான், உனக்கு மீன் வாங்கப் பாளையத்துக்கு ஓடுவான். அது ஒரு மாதத்துக்கு. தினமும் முகத்தில் முழிக்கிற அண்ணனுக்கு எந்தத் தம்பி மாடியைக் காலி செய்வான். பூஜை அறையை ஒட்டி இருக்கிற சின்ன அறையில் அவன் கடை அரிசிச் சாக்கு கிடக்கிறது, அதை ஒருபக்கமாகத் தள்ளினால் இரண்டு பேர் படுக்கலாம். பேத்தி என்னோடு படுக்கட்டும், நான் குறட்டை விடுவேன், அவள் பழகிக்கொள்ள வேண்டும். ஏசி இல்லை.

உன் அம்மாவுக்கு இவ்வளவு கல் மனசா என்று உனக்குத் தோன்றும், தோன்றட்டும். சவூதியில் தம்மாமிலிருந்து வேலை முடிந்து உன் அப்பா வந்தபோது நீ காலேஜில் படித்துக்கொண்டிருந்தாய், உனக்குப் பாதிதான் தெரியும். வந்த புதிதில் சாலைக் கடைத்தெருவில் அவர் நடந்தால் முதலாளிமார் எழுந்து நின்று டீ வாங்கிக் கொடுப்பார்கள். எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி, எப்போ வந்தீரு, எப்போ திரும்ப. அடுத்த மாதம் என்றார். பிறகு விசா வரவேண்டும் என்றார். அதற்கும் பிறகு சிரித்துக் காட்டிவிட்டு நடந்தார். டீ நின்றது, எழுந்து நிற்பது நின்றது, கேள்வி மட்டும் நிற்கவில்லை. கடைசியில் மனுஷன் கோயிலுக்குப் போகக்கூடப் பின்சந்து வழியாகச் சுற்றிப் போனார். பதினோரு வருஷம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், கேட் சத்தம் கேட்டால் பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிக்கொள்வார். கல்யாண வீட்டில் மூன்றாம் பந்தியில்தான் அவருக்கு இலை போட்டார்கள், பகவதிப்பெருமாள் பெண்டாட்டி என்று எனக்கும் பக்கத்திலேயே போட்டார்கள். அவர் போன பிறகு நீ சார்ஜாவுக்கு ஏறினாய், மறு வருஷமே என்னை முதல் பந்திக்குக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். அந்த இடத்தை நான் விட மாட்டேன், மகன் கேட்டாலும் விட மாட்டேன். உன்னை அந்த வாசலில் பார்க்கவும் எனக்குத் திராணி இல்லை. உன்மேல் எனக்குப் பிரியம் இல்லாமல் இல்லை, தூரத்தில் இருக்கும்போது உன்மேல் எனக்கு ரொம்பப் பிரியம்.

அதனால் எல்லாரிடமும் நீ லீவுக்கு வருகிறாய் என்றே சொல்லியிருக்கிறேன். வரும்போது எல்லாருக்கும் ஆளுக்கொரு சாமானாவது வாங்கி வா, லீவுக்கு வருகிறவன் வெறும் கையோடு இறங்க மாட்டான். ஏர்போர்ட்டில் மருமகளை அழுத முகத்தோடு இறங்கவிடாதே. பேத்தியிடமும் சொல்லி வை, பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வந்தேன் என்று தெருப் பிள்ளைகளிடம் உளறிவிடப் போகிறாள். வந்த மறுநாளிலிருந்து கத்தாரோ ஓமனோ, எங்கே ஆள் எடுக்கிறார்கள் என்று கம்ப்யூட்டரைத் திறந்து பார், அறைக்கதவைச் சாத்திக்கொண்டு பார்.

நீங்கள் மூன்று பேரும் தீர்க்காயுசாக, கை நிறைய வேலையோடு, தலை நிமிர்ந்து இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. விமானம் ஏறும் முன்பே ஒரு தேதியை மனதில் எடுத்து வைத்துக்கொள். எப்போ திரும்ப என்று யார் கேட்டாலும் தடுமாறாமல் அந்தத் தேதியைச் சொல். நான் கேட்டாலும் அதையே சொல்.

உன் அம்மா,
ப. செண்பகவல்லி