ஏழாம் தவளையின் பதினொரு வினாடி

ஜூன் 10, திங்கள்
ஏ.எஸ்.ராவ் நகரில் பஸ் கிடைக்காமல் லேட். எங்கள் ஆய்வகத்தில் ஒரு வழக்கம்: தவளைக்கு ஒயர் மாட்டுவதற்கு முன் இதயத் துடிப்பைப் பதியும் கருவியை எங்கள்மேல் சோதிப்போம். கையில் ஒயர், முகம் ஐஸ் தண்ணீர்ப் பேசினில். தண்ணீர் பட்டதும் மூளை வேகஸ் நரம்பு வழியாக இதயத்துக்குக் கடிவாளம் போடும், துடிப்பு குறையும். தவளைக்கும் அதே கதைதான், இன்னும் பலமாக.

இன்று என் முறை. திரையில் துடிப்பின் கோடு ஓடுவதைப் பார்த்ததும், கூட வேலை செய்யும் சுதர்சன் தவளைத் தொட்டிப் பக்கம் போய்விட்டான். திரும்பி வந்து, "ரோகிணி, ஏன் இவ்ளோ நேரம்?" என்றான். எனக்கென்னவோ வைத்ததும் எடுத்த மாதிரிதான் இருந்தது.

பிறகு ஏழாம் தவளைக்கு அட்ரோபின் ஊசி போட்டு நீரில் முக்கினோம். நரம்பு சொல்வது இதயத்துக்கு எட்டாமல் தடுக்கும் மருந்து அது. இரண்டு பதிவுக்கும் அவசரமாகப் பெயர் போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

ஜூன் 12
ஏழின் பதிவைத் திறந்தேன். நிமிடத்துக்கு ஐம்பது. தண்ணீர் பட்டதும் முப்பது. அப்புறம் — ஒன்றுமே இல்லை. தட்டைக் கோடு, பதினொரு வினாடி. பிறகு தானாகவே திரும்பி வருகிறது.

அட்ரோபின் போட்ட தவளைக்கு இப்படி நடக்கவே கூடாது. ஊசி சரியாக ஏறவில்லை என்கிறான் சுதர்சன். போட்டது நான், எனக்குத் தெரியாதா? தொட்டியிலிருந்து ஏழு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. பயமாக இருந்தது, சொன்னால் சிரிப்பான்.

ஜூன் 15
சைனிக்புரியில் நீச்சல் வகுப்பு. தண்ணீருக்குள் ஓர் அமைதி வருகிறது. சத்தம், கவலை, நேரம் எல்லாம் போய்விடும். அதற்காகத்தான் போவதே. இன்று மாஸ்டர் நூர் முகமது தோளைப் பிடித்துத் தூக்கினார். "கைக்கும்மா, எதுக்கு இத்தனை நேரம்? மூணு தடவை கூப்பிட்டேன்!"

எனக்கு ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

ஜூன் 17
ஏழுக்கு மறுபடி ஊசி, மறுபடி தண்ணீர். நாற்பத்தெட்டு, நாற்பத்தெட்டு. இறங்கவே இல்லை.

அப்படியானால் அன்று நின்றது யாருடையது?

ஜூன் 18
அந்தப் பதிவின் நேரம் 10.05. அப்போது ஏழு தொட்டியில் இருந்தது. ஒயர் என் கையில். 'ரோகிணி சோதனை' என்ற பதிவைத் திறந்தால் — நாற்பத்தெட்டு, நாற்பத்தெட்டு. தவளை.

பெயரை மாற்றிப் போட்டிருக்கிறேன். ஐயோ, பதினொரு வினாடி நான் எங்கே இருந்தேன்?

சுதர்சன் வண்டிச் சாவியை எடுத்தான். "வா, டாக்டர்கிட்ட போலாம். நீச்சல் குளம் பக்கம் இனிமே தலைவெச்சுக்கூடப் படுக்காதே."

ஜூன் 19
குளத்தில் இதயம் இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருந்தால் அவ்வளவுதான் என்றார் டாக்டர்.

ஜூலை 14
பேஸ்மேக்கர் வைத்து மூன்று வாரம். வீட்டில் யாரும் இல்லை. வாஷ்பேசினை நிரப்பி முகத்தை வைத்தேன், விரல் மணிக்கட்டில். அறுபது. அறுபது. இறங்கவே இல்லை. குழாய் சொட்டுவது கேட்டது, பக்கத்து வீட்டு டிவி கேட்டது. அந்த அமைதி மட்டும் வரவில்லை.

நல்லதுதானே.

இரண்டாவது தடவையும் முகத்தை வைத்ததை யாரிடமும் சொல்லவில்லை.