கடைசி வரி

நாள் 212, 09:10
டைட்டன் தளம். பதிவு அலுவலர் நப்பின்னை. உறைதூக்கத்தில் நாற்பத்தொரு பேர். அவர்களின் கோப்பில் பெயர்கள் முன்பின்னாகக் கிடந்தன. ‘சார்ட் ஆன் பெயர்’ கட்டளை கொடுத்து அகர வரிசையாக்கினேன். பழைய கோப்பின் மேலேயே சேமித்தேன்.

10:40
மின்கலம் ஒன்று வெடித்தது. காற்று மெலிகிறது.

மின்சாரம் குறைந்தால், கோப்பின் கடைசி வரியில் இருப்பவரின் உறைதூக்கப் பேழையை இயந்திரம் அணைக்குமாம். காலையில் நான் அழித்தது, உடல் வலுவைப் பார்த்து மருத்துவர் போட்டு வைத்த வரிசை. இன்றுதான் விதிகளைப் படித்தேன். மருத்துவரும் பேழையில்தான் இருக்கிறார்.

10:58
தகப்பன் பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டே எழுதுகிறோம். அதனால் குடும்பம் குடும்பமாக நிற்கிறார்கள். அடியில் வே. கோதை, வே. மங்கை. அக்கா, தங்கை.

மங்கையின் பேழை குளிர்கிறது. இருபது நிமிடம் கடைசியில் இருந்தால் முழுதாக அணைந்துவிடும்.

11:04
இறங்குவரிசை கொடுத்தேன். மங்கை மேலே போனாள், பேழை சூடேறியது. இப்போது கடைசியில் அ. சேந்தன். என் அண்ணன்.

மாற்றி மாற்றிக் கொடுத்தால் இருவரும் பிழைப்பார்கள். பெயரை விட்டு வேறு பத்தியை வைத்து வரிசைப்படுத்த மருத்துவரின் கடவுச்சொல் வேண்டும். ஒவ்வொரு முறையும் என் விரல் ரேகை வேண்டும்.

11:35
மீட்புக்கலத்திலிருந்து ஓட்டுநர் செல்லையா: “வந்துக்கிட்டே இருக்கேன் தாயி. நாலு மணி ஆயிரும். கண்ணை மட்டும் மூடிராத. வேணும்னா நான் பாடுதேன், தூக்கம் தானா ஓடிரும்.”

பாடினார். உண்மைதான்.

13:20
ஒவ்வொரு முறையும் கடைசி வரியை இரண்டு தடவை படிக்கிறேன்.

கட்டளை நேரங்களைப் பார்த்தேன். ஒவ்வொரு சுற்றிலும் அண்ணன் கடைசியில் இருந்தது ஏழு, எட்டு நிமிடங்கள். மங்கை பதினைந்து, பதினேழு. நான் திட்டமிடவில்லை.

14:50
செல்லையாவின் குரல் விட்டுவிட்டு வருகிறது. எழுத்துகள் இரண்டிரண்டாகத் தெரிகின்றன. கன்னத்தில் அறைந்துகொண்டேன்.

15:05
ஏறுவரிசை. கடைசியில் மங்கை.

15:31
தூங்கிவிட்டேன்.

நாற்பது வரிகள்தான் இருக்கின்றன. மங்கை இல்லை. கடைசியில் கோதை, குளிர்கிறாள். இறங்குவரிசை கொடுத்துவிட்டேன்.

இதைப் படிப்பவர்கள் 15:05-ஐப் பார்க்க வேண்டும். அப்போது கடைசியில் அண்ணன் வந்து மூன்று நிமிடம்தான் ஆகியிருந்தது. மாற்ற அவசரமே இல்லை. எனக்குக் கண் செருகியது. இனி தாங்க மாட்டேன் என்று தெரிந்தது.

தெரிந்துதான் மாற்றினேன்.

15:40
செல்லையா: “விளக்கு தெரியுது தாயி. எல்லாரும் நல்லாருக்காங்களா?”