ஆள் வந்தாச்சு

பிப்ரவரி 9, 2025 – கொட்டாஞ்சேனை

ஏழு வயதில் இங்கத்தித் தேயிலைத் தோட்டத்தை விட்டுத் தலைமன்னாரில் கப்பலேறியவன், ஐம்பத்தெட்டில் டூரிஸ்ட் விசாவில் வந்திருக்கிறேன். சிரிப்புத்தான். கோத்தகிரியில் இன்னும் எனக்குச் சிலோன்காரன் என்றுதான் பெயர். இங்கே இந்தியாக்காரன்!

ஊர் பிடித்திருக்கிறது. கோயில் மணி அடங்குவதற்குள் மாதா கோயில் மணி. சற்று நடந்தால் பள்ளிவாசல். புறக்கோட்டையில் குடை விற்ற ஸாலிஹ் என்னிடம் தமிழிலும், பக்கத்து ஆளிடம் சிங்களத்திலும், வெள்ளைக்காரியிடம் இங்கிலீஷிலும் ஒரே மூச்சில் பேரம் பேசினார். கோத்தகிரியில் இதையெல்லாம் எங்கே பார்ப்பது?

சாயங்காலம் ரஜனியோடு சாப்பிட்டேன். இங்கேயே தங்கிவிட்ட சித்தப்பாவின் பேத்தி, தம்பி காளியப்பனின் மகள். வெள்ளவத்தைத் துணிக்கடையில் வேலை. நடுவில் கோத்தகிரியிலிருந்து என் மனைவியின் போன்: தேயிலை பறிக்க ஜார்க்கண்டிலிருந்து வந்த புருஷன் பொண்டாட்டி காலியாகக் கிடக்கும் எங்கள் மாடி போர்ஷனைக் கேட்கிறார்களாம். “ஆள் வந்தாச்சுன்னு சொல்லிடு” என்றேன்.

பிப்ரவரி 11

ரஜனி தங்கியிருக்கும் விடுதியை இடிக்கப்போகிறார்கள். பதினைந்தாம் தேதிக்குள் அறை கிடைக்காவிட்டால் அவள் வேலையை விட்டு ஹட்டனுக்கே திரும்ப வேண்டும். திரும்பினால் மறுபடி தோட்டம்தான்.

வெள்ளவத்தையில் மூன்று வீடு ஏறினோம். மூன்றிலும் முதல் கேள்வி ஒன்றே.

“பிள்ளை எந்த இடம்?”

“ஹட்டன் பக்கம், அன்ரி.”

“ஐயோ, நேற்றுத்தானே ஆக்கள் வந்திட்டினம்.”

கேட்டில் ‘அறை வாடகைக்கு’ அட்டை அப்படியே தொங்குகிறது. ஹட்டன் என்றதுமே தோட்டத்து ஆள் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இவர்களும் தமிழர்தானே? தமிழ்தானே பேசுகிறார்கள்?

பிப்ரவரி 12

இன்றும் இரண்டு வீடு. அங்கேயும் ஆள் வந்துவிட்டதாம். எவன்டா அந்த ஆள், தெரு பூராவும் குடிவந்தவன்!

பிப்ரவரி 13

இன்று நானே பேசினேன். வீட்டுக்கார அம்மா ஜெகதீஸ்வரி. என் பேச்சைக் கேட்டதுமே முகம் மலர்ந்துவிட்டது. “இந்தியாவோ? இருங்கோ, இருங்கோ. கோப்பி குடிப்பியளோ?”

“இது என் தம்பி பொண்ணு. கோயம்புத்தூர். இங்க வேலை கிடைச்சு வந்திருக்கா” என்றேன். வாய் கூசவில்லை. ரஜனி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பேசினால் தெரிந்துவிடும் அல்லவா?

ஜன்னல் வழியே கடல் காற்று. சாவியைக் கையிலேயே கொடுத்துவிட்டார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன், மடையன்.

பிப்ரவரி 14

புதிதாகக் குடிவருபவரைப் பொலிஸில் பதிய வேண்டுமாம். அந்த அம்மா படிவத்தோடு வந்து ரஜனியின் அடையாள அட்டையைக் கேட்டார். அதில் தோட்டத்து முகவரி. இதை எனக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும் – யார் சொல்வது? அவளை வாய் திறக்க விட்டேனா நான்?

ஜெகதீஸ்வரியம்மா கோபப்படக்கூட இல்லை. “பொய் சொன்ன ஆக்களை எப்பிடி ஐயா வீட்டில வச்சிருக்கிறது?”

நேற்று ஹட்டன் என்று சொல்லி விரட்டப்பட்டிருந்தால் தப்பு அவருடையது. இன்றைக்கு நியாயத்தைத் தூக்கி அவர் கையில் நானே கொடுத்துவிட்டேன்.

பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் அந்தம்மாவைத் திட்டிக்கொண்டே வந்தேன். ரஜனி பையைத் தோள் மாற்றிக்கொண்டாள்.

“விடுங்க பெரியப்பா. நீங்களும் அன்னைக்கி போன்ல ஆள் வந்தாச்சுன்னுதானே சொன்னீங்க.”

குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

பிப்ரவரி 15

கூட வேலை செய்யும் டெனிஷாவின் வீட்டில் ரஜனிக்கு இடம். ஹெந்தளை. டெனிஷாவின் அம்மா டோரின் கேட்டது ஒன்றே ஒன்று: “மீன் சாப்பிடுவீங்க தானே?” கடைக்கு இரண்டு பஸ் மாற வேண்டும், விடிவதற்குள் கிளம்ப வேண்டும். வேலை தப்பியது. என்னால் அல்ல.

பிப்ரவரி 19 – கோத்தகிரி

மாடி இன்னும் காலிதான். காலையில் எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளுக்குப் போய் அந்த ஜார்க்கண்ட்காரனைத் தேடிப் பிடித்தேன். ஒரே அறை, ஆறு பேர். அவன் மனைவி வாசலில் மூன்று கல் வைத்துச் சோறு பொங்கிக்கொண்டிருந்தாள்.

“மாடி இருக்குப்பா. இன்னைக்கே வரலாம்.”

அவன் எழுந்து நின்று, மரியாதையாகச் சிரித்தான்.

“வேணாம் சார். வேற இடம் கிடைச்சாச்சு.”