வெள்ளைச் செவுள்

அண்ணை,

இன்று காலை, தென்துருவக் கடலிலிருந்து எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்த உறைபெட்டியைத் திறந்தேன். மேலே கிடந்த பனிமீனின் செவுள்மூடியை என் பெருவிரல் தானாகவே தூக்கிப் பார்த்தது. எங்கள் வேலைமுறையில் அப்படியொரு படி கிடையாது. அது உங்களுடைய பழக்கம். பிரேமர்ஹாவன் மீன் ஆலையில் பத்தொன்பது ஆண்டுகள் நீங்கள் செய்தது. உள்ளே செவுள் பால்வெள்ளையாக இருந்தது. பெட்டியை மூடிவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

முன்பின் தெரியாத இருவராக வந்து, அகதி விடுதியின் ஒரே அறையில் இருந்தோம். நான் பல்கலைக்கழக நுழைவுக்காக ஜெர்மன் படித்தேன். நீங்கள் ஆலைக்குப் போனீர்கள். படித்ததை மாலையில் உங்களுக்குச் சொல்லித் தருவேன். ‘ஃப்ராயின்ட்’ என்றால் நண்பன், ‘பெகான்டர்’ என்றால் வெறும் அறிமுகம், இரண்டையும் மாற்றிச் சொன்னால் இவர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள் என்று எச்சரித்தேன். மீனைத் தரம் பிரிக்கிறதுக்கு ஆலையில் பெட்டி இருக்கிறது, ஆட்களைத் தரம் பிரிக்க வாயிலுமா என்று கேட்டீர்கள். ஆனால் அந்த வேறுபாட்டை மறக்கவில்லை. நீங்கள் மறந்திருப்பீர்கள் என்று நான்தான் எண்ணிக்கொண்டேன்.

எங்கள் ஆய்வுக்கூடத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட ஞாயிற்றுக்கிழமை, அழுத்திய சட்டையோடு வந்தீர்கள். ஐஸ் மேல் கிடத்தியிருந்த பனிமீனின் செவுளைத் தூக்கினீர்கள், முகம் சுளித்தீர்கள். இது பழுதான மீன், எறியுங்கோ என்று உங்கள் ஜெர்மனில் உரக்கச் சொன்னீர்கள். மேசையைச் சுற்றி நின்ற என் சக ஆய்வாளர்கள் சிரித்தார்கள். எங்கள் துறைத் தலைவர், இவர் உன் சகோதரரா என்று என்னைக் கேட்டார்.

“இல்லை, ஒரு பெகான்டர்” என்றேன். கேட்காததற்கும் விடையாக, மீன் ஆலையில் வேலை செய்பவர் என்றும் சேர்த்தேன்.

அந்த மீனின் இரத்தத்தில் சிவப்பே இல்லை என்பதையும், கடுங்குளிர் நீரில் நிறையக் கரைந்திருக்கும் ஆக்சிசனைக் கொண்டே அது வாழ்கிறது என்பதையும் பிறகு விளக்கினேன். உங்களுக்கல்ல, அவர்களுக்கு. நீங்கள் சொன்னதோ, மீனை அறிந்த எவரும் சொல்லியிருக்கக்கூடியது. செவுள் வெளுத்தால் மீன் பழுது. இந்த ஒரு குடும்பத்து மீன்கள்தான் விலக்கு. அதைச் சொல்ல அரை நிமிடம் போதும். சிரித்தவர்கள்மேல் எனக்கு இன்றும் கோபம் ஆறவில்லை. ஆனால் அதன் பின்னால் நான் ஒளிந்துகொள்ள முடியாது. அவர்கள் உங்களை அறியாதவர்கள்.

பேருந்துத் தரிப்பிடம்வரை உங்களோடு நடந்து வந்தேன். பேருந்து வந்த பிறகு சொன்னீர்கள்:

“பெகான்டர் எண்டால் தெரிஞ்ச ஆள்தானே, தம்பி? நல்ல காலம், தெரியாத ஆள் எண்டு சொல்லேல்லை.”

சிரித்துக்கொண்டே ஏறினீர்கள். அதற்குப் பின்னும் வழக்கம்போல வீட்டுக்கு வந்தீர்கள், கணவாய்க் கறி கொண்டுவந்தீர்கள், அந்த நாளைப் பற்றிப் பேசவேயில்லை. மன்னிப்புக் கேட்பதை நான், முடிக்காத கட்டுரையைப் போல, ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்டேன்.

கடந்த பங்குனியில் மருத்துவமனையிலிருந்து ஒரு தாதி அழைத்தார். அனுமதிப் படிவத்தில் என் பெயரை எழுதி, உறவு என்ற இடத்தில் ‘புரூடர்’ என்று நீங்களே நிரப்பியிருந்தீர்களாம். நீங்கள் அவருடைய சகோதரர்தானே என்று கேட்டார்.

“ஓம்” என்றேன், தமிழில். அவருக்கு விளங்கவில்லை, திரும்பவும் கேட்டார். முப்பது ஆண்டுகளாக நான் பாடம் நடத்தும் மொழியில் அந்த ஒற்றைச் சொல் வரத் தாமதித்தது. நான் வந்து சேர்ந்தபோது உங்கள் முகத்தை மூடியிருந்தார்கள்.

இப்போது பனிமீனைப் பார்க்க வரும் மாணவர்களுக்கு, இரத்தத்தைப் பற்றிச் சொல்வதற்கு முன் செவுளைத் தூக்கிக் காட்டுகிறேன். இதைப் பழுது என்று சொன்ன ஒருவருக்கு இங்குள்ள எல்லாரையும்விட மீனைப் பற்றித் தெரிந்திருந்தது என்கிறேன். யார் அவர் என்று எவராவது கேட்பார். ‘மைன் புரூடர்’ என்கிறேன்.

உச்சரிப்பில் பிழையே இல்லை, அண்ணை.