மூடியில் தப்பில்லை, மச்சான்

என் அருமை மச்சான் கஜேந்திரா,

வருகிற மாதத்தோடு நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. முதலாம் ஆண்டு நினைவுக்குப் போஸ்டர் அடிக்க வேண்டும் என்று உன் மகன் இளமாறன் போன வாரம் கம்பெனிக்கு வந்தான். கம்பெனி என்று சொன்னால் நீ சிரிப்பாய். முதுநகரில் நாம் போட்ட அதே தகர ஷெட்தான், அதே கிரீஸ் வாடைதான். உன் நாற்காலியில் இப்போது காலி டப்பாக்களை அடுக்கியிருக்கிறேன். அதில் வேறு யாரும் உட்கார்ந்துவிடக் கூடாது என்றுதான்.

"மாமா, திருப்பாதிரிப்புலியூர் பிரஸ்ல சொல்லிட்டேன். போட்டோ அதேதான். பேரும் போன தடவ மாதிரியே போட்டுடலாமா?" என்று கேட்டான்.

போன தடவை எப்படிப் போட்டார்கள் தெரியுமா? உனக்கு எப்படித் தெரியும்! துறைமுகத்துச் சுவரிலிருந்து பஸ் நிறுத்தம் வரைக்கும் உன் படம். கீழே கொட்டை எழுத்தில் 'மூடி' கஜேந்திரன். உன் ஊர்க்காரர்கள் பாசத்தோடு போட்டதுதான், குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தப் போஸ்டர் ஒட்டிய சுவர்ப் பக்கம் போவதையே நான் விட்டுவிட்டேன். இளமாறனை இரண்டு நாள் கழித்து வரச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. அதற்கு முன் கொஞ்சம் பழசைப் பேசிக்கொள்கிறேனே. நேராக விஷயத்துக்கு வருகிற தைரியம் எனக்கு எந்தக் காலத்தில் இருந்தது?

சிதம்பரத்தில் எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி சேர்ந்த முதல் நாள், லேபில் நீ என் பக்கத்து மேஜை. காடாம்புலியூர் என்று நான் சொன்னதும் "முந்திரிக்கொட்டையா?" என்றாய். கடலோரம் என்று நீ சொன்னதும் "மீனா?" என்றேன். மதியம் சாப்பாட்டுக்குப் போகும்போதே மச்சான் ஆகிவிட்டோம். கீழ வீதியில் ஒரு காபியை இரண்டாக்கிக் குடித்துக்கொண்டு, யாருடைய ஊர் வெயில் மோசம் என்று மணிக்கணக்கில் சண்டை போட்டோமே, அந்த மணிக்கணக்கெல்லாம் எங்கே போயிற்று?

முதல் லீவுக்கு நீ எங்கள் ஊருக்கு வந்தாய். சுடாத முந்திரிக்கொட்டையைப் பல்லால் கடித்து உடைக்கிற ஆளை எங்கள் ஊர் அதற்கு முன் பார்த்ததில்லை. உதடு வெந்து வடை மாதிரி வீங்கிவிட்டது. அம்மா தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே, "ஏம்ப்பா, எம்.எஸ்சி படிக்கிறேங்கிற, கொட்டைய வாயில வச்சிக் கடிப்பாங்களா?" என்று திட்டினாள். வீங்கின வாயோடு நீ, "ஆசிட்டுன்னு தெரியும்மா. இவ்ளோ ஜாஸ்தின்னு தெரியாது" என்றாய். கடைசி வரைக்கும் அம்மா உன்னைப் பற்றிப் பேசினால் அதைச் சொல்லிச் சிரிக்காமல் விட்டதில்லை.

அந்தக் கொட்டையின் ஓட்டில் இருக்கும் எண்ணெயிலிருந்து எடுக்கிற பொருளை மசகு எண்ணெயில் கலந்தால் அது சூட்டில் சீக்கிரம் கெடாது என்று அடுத்த வருஷம் வகுப்பில் சொன்னார்கள். நீ முழங்கையால் என்னை இடித்தாய். "மச்சான், என் உதட்ட வேக வச்சதுக்கு அது நமக்கு உழைச்சே ஆவணும்" என்றாய். விளையாட்டாகத்தான் சொன்னாய். ஆனால் படிப்பு முடிந்து, ஆளுக்கொரு வேலையில் இருந்து அலுத்துப்போய், படகுகளுக்கு கிரீஸ் செய்யலாம் என்று ஷெட் போட்டபோது, அந்த ஒரு வார்த்தையில்தான் ஆரம்பித்தோம்.

இந்தத் தொழிலைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆமணக்கிலிருந்து வரும் கொழுப்பையும் காரத்தையும் எண்ணெயில் போட்டுக் கொப்பரையில் கொதிக்கவிட்டுக் கிளறினால் களி மாதிரி இறுகிவரும். அது வெறும் கிரீஸ். அதற்குக் குணம் கொடுப்பது கடைசியில் சேர்க்கிற அடிட்டிவ்கள். துரு பிடிக்காமல் இருக்க ஒன்று. கடல்தண்ணீர் அடித்துக்கொண்டு போகாமல் ஒட்டிப் பிடிக்க ஒன்று. சூடு தாங்க நம் முந்திரிக்கொட்டைச் சரக்கு. பாரம் ஏறும்போது இரும்பும் இரும்பும் உரசித் தேயாமல் இருக்கக் கந்தகச் சரக்கு. இந்தக் கடைசி ஆள் மட்டும் கோபக்காரன். கொப்பரைச் சூடு தணிந்த பிறகுதான் அவனை உள்ளே விட வேண்டும். கொதிக்கும்போது ஊற்றினால் கெட்டுப்போய், காப்பாற்ற வேண்டிய உலோகத்தையே அரிப்பான். அதிலும் செம்பு, வெண்கலம் என்றால் விடவே மாட்டான்.

அதைக் கண்டுபிடிக்கத்தான் செப்புத் தகடு. பளபளவென்று தேய்த்த ஒரு துண்டுச் செம்பை கிரீஸில் புதைத்து, மூன்று மணி நேரம் சூட்டில் வைத்து எடுத்துப் பார்ப்போம். நிறம் மாறாமல் இருந்தால் சரக்கு வெளியே போகலாம். கறுத்தால் அத்தனையும் வீண். துறைமுகத்திலிருந்து நீ போன் செய்து, "இன்னா மச்சான், பொண்ணு மொகம் எப்டி?" என்று கேட்பாய். "செவப்பா இருக்கா, அனுப்பட்டுமா?" என்பேன். மாப்பிள்ளை வீட்டாரோடு நான் பேசுவதாக நினைத்துப் பக்கத்துக் கடைக்காரர் ஒருநாள் வாழ்த்துச் சொன்னாரே, ஞாபகம் இருக்கிறதா?

சரி மச்சான். இனிமேல் சுற்றி வளைக்க முடியாது.

உனக்கு அந்தப் பேர் வந்த வருஷம், மீன்பிடித் தடைக்காலம் முடிகிற வாரம். படகெல்லாம் பழுது பார்த்து, கடலில் இறங்கக் காத்திருந்தது. கிரீஸுக்கு அடிதடி. அதே நாளில் சிதம்பரத்தில் நாம் படித்த துறையில் என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். உன்னையும்தான் கூப்பிட்டார்கள். "நீ போ மச்சான், போட்டுக்காரங்கள நான் பாத்துக்கிறேன். ரெண்டு பேரும் போனா இவுங்க நம்மள உரிச்சிடுவாங்க" என்றாய். நான் புதுச் சட்டை போட்டுக்கொண்டு கிரீஸ் கிண்டினேன். அதைப் பார்த்தும் நீ ஒன்றும் கேலி செய்யவில்லை.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கொப்பரைச் சூடு தணியவில்லை. நான் கந்தகச் சரக்கை ஊற்றினேன். அழுகின முட்டை நாற்றம் குப்பென்று வந்தது. அந்த நாற்றத்துக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? தகட்டை வைத்தேன், அரை மணி நேரம்கூட இல்லை, எடுத்துப் பார்த்தேன். செக்கச்செவேல் என்று இருந்தது. அரை மணியில் எந்தத் தகடு கறுக்கும்? நோட்டில் மூன்று மணி நேரம் என்று எழுதினேன். உனக்குப் போன் செய்து, பொண்ணு நல்லா இருக்கா என்றேன்.

அன்று மாலை சிதம்பரத்தில் பிள்ளைகள் முன்னால் நின்று நான் என்ன பேசினேன் தெரியுமா? செப்புத் தகட்டை ஏமாற்றக் கூடாது என்று பேசினேன். கை தட்டினார்கள்.

நான் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் துறைமுகத்தில் கோடை மழை பிடித்துக்கொண்டது. ஆளாளுக்கு கிரீஸ் அள்ளிக்கொண்டிருந்த அவசரத்தில், ஷெட்டிலிருந்து நான் அனுப்பிய டிரம்களின் மூடியைத் திறந்தபடியே விட்டுவிட்டாய். ஒரு மாதம் ஓடியது. வலை இழுக்கும் வின்ச்சுகளில் அச்சைத் தாங்கும் வெண்கல புஷ்ஷெல்லாம் கறுத்து, தேய்ந்து, ஆட்டம் கண்டது. உன் ஊர் ரத்தினவேல் அண்ணன் படகில் வலை கடலில் கிடக்கும்போதே வின்ச் இறுகி நின்றுவிட்டது. வலையை அறுத்துவிட்டு வெறுங்கையோடு வந்தார்கள்.

நீ ஷெட்டுக்கு ஓடி வந்தாய். நான் வாயைத் திறப்பதற்குள், "மூடிய மூடாம வுட்டுட்டேன் மச்சான். மழத் தண்ணி பூந்திடுச்சி. எல்லாம் என்னாலதான்" என்றாய். அப்போது சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம். நான் சொன்னது வேறு. "தண்ணி பூந்தா கெடத்தான் செய்யும், வுடு" என்றேன். அன்று நீ கிளம்பிப் போன பிறகு மீதி கிரீஸில் தகட்டை வைத்து, இந்தத் தடவை மூன்று மணி நேரம் முழுதாகக் காத்திருந்தேன். கரி மாதிரி வந்தது. மழைத் தண்ணீர் செம்பை அப்படிக் கறுக்க வைக்காது.

உன் ஊர்க் கூட்டத்தில், உன் சித்தப்பன் பெரியப்பன் எல்லோர் முன்னாலும் கைகட்டி நின்று தப்பை ஒப்புக்கொண்டாய். நான் பக்கத்தில்தான் நின்றேன். புஷ் எல்லாம் மாற்றித் தருவதாக இரண்டு பேரும் சொன்னோம், மாற்றியும் தந்தோம். அவர்கள் மன்னித்தார்கள். மன்னித்துவிட்டுப் பேர் வைத்தார்கள். அதற்குப் பிறகு கல்யாணமானாலும் கருமாதியானாலும், "இன்னா கஜேந்திரா, மூடி போட்டியா?" என்பதுதான் உனக்கு வரவேற்பு. நீயும் சேர்ந்து சிரிப்பாய். ஆனால் ஷெட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை வந்த பிறகும் திரும்பிப் போவாய். ஒவ்வொரு டிரம்மையும் கையால் தட்டிப் பார்ப்பாய். பாதிச் சோற்றில் எழுந்து போயிருக்கிறாய். "எதுக்கும் ஒருதரம் பாத்துட்டு வந்துடறேன் மச்சான்" என்பாய். நான் வண்டியில் உட்கார்ந்து காத்திருப்பேன். எத்தனை வருஷம் அப்படி உட்கார்ந்திருந்தேன்! என் மனசை எதை வைத்துச் செய்தார்களோ தெரியவில்லை.

சொன்னால் நீ என்னை விட்டுப் போய்விடுவாய் என்று பயந்தேன். அதுதான் உண்மை. தொழில் போய்விடும் என்று அல்ல. நீ என்னைச் சத்தம் போட்டுத் திட்டிவிட்டு, மறுநாள் காலை டீயோடு வந்திருப்பாய் என்று இப்போது தோன்றுகிறது. இப்போது தோன்றி என்ன பிரயோசனம்?

இளமாறன் சொன்னபடி நேற்று முன்தினம் வந்தான். எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பழைய நோட்டையும் எடுத்து, மூன்று மணி நேரம் என்று நான் எழுதிய இடத்தைக் காட்டினேன். டீ ஆறிக்கொண்டிருந்தது. அவன் குடிக்கவில்லை. நோட்டை மூடி என் பக்கம் தள்ளினான்.

"அவுரு ஆஸ்பத்திரில கெடக்கும்போதுகூட, டிரம்ம மூடிட்டாங்களான்னு கேட்டாரு மாமா" என்றான். "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல." வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

நேற்று காலை அவனே போன் செய்தான். குரலில் பழைய ஒட்டுதல் இல்லை. ஆனாலும் மாமா என்றுதான் கூப்பிட்டான். "ஞாயித்துக்கெழம ஊர்க் கூட்டம். அம்மாகிட்டயும் சொல்லிட்டேன். நீங்களே வந்து சொல்லுங்க. நான் சொன்னா, அப்பனுக்காவப் பேசுறான்னு சொல்லுவாங்க. அதுவரைக்கும் போஸ்டர நிறுத்தி வச்சிருக்கேன்."

வருகிறேன் என்று அவனுக்குச் சொன்னேன். உனக்கும் சொல்கிறேன் மச்சான், ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அன்று நீ கைகட்டி நின்ற அதே இடத்தில் நிற்பேன். ரத்தினவேல் அண்ணன் முகத்தைப் பார்த்துப் பேசுவேன். கஜேந்திரன் ஒரு தப்பும் செய்யவில்லை என்று முதலில் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகுதான் என் பேரைச் சொல்வேன். அவர்கள் எனக்கு என்ன பேர் வைத்தாலும் சரி, சாகும் வரைக்கும் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பேன்.

உன் பக்கத்தில் நின்றும் வாய் திறக்காத மச்சான்,
தணிகாசலம்