நாலு கேட்டார், நாலு கொடுத்தேன்

ஆடி 5, திங்கள்
காலையிலிருந்து காற்று. ஆபீஸ் முழுக்கப் புழுதி. புது டெலிபோன் போர்டில் இன்று முதல் வேலை. பழையதில் பத்து லைன், இதில் இருபத்தைந்து. எல்லார் நம்பரும் மாறிவிட்டது. டாக்டர் முன்பு 4, இப்போது 14. அந்த 4 ஜவுளிக் கடைக்கு. லிஸ்ட் வீடு வீடாகப் போயாச்சு, யார் பார்க்கிறார்கள்? இனி பேர் சொன்னால் கொடுக்கக் கூடாதாம், நம்பர் மட்டும். இத்தனை நாள் டாக்டரைக் கேட்டால், பள்ளிப்பட்டு போயிருக்கார், சாயந்திரம் வருவார் என்று நானே சொல்லிவிடுவேன்.

ஆடி 6
அரிசி மில் கணக்குப்பிள்ளை முனிரத்தினம் ரயில் ஸ்டேஷனுக்குப் பழைய நம்பர் கேட்டார். திருத்தினேன். உடனே போஸ்ட்மாஸ்டரிடம் புகார்: ஆபரேட்டர் வாயாடுகிறான், கேட்டதைக் கொடுப்பதில்லை. எல்லார் எதிரிலும் டோஸ். இனிமேல் கேட்டது கேட்டபடி.
வாங்க வேண்டியது: சோப்பு, விளக்குத் திரி.

ஆடி 9, வெள்ளி. கிருத்திகை
தெருவெல்லாம் காவடி. ஜவுளிக் கடைக்காரர் கடையைப் பூட்டிக்கொண்டு குடும்பத்தோடு மலைக்குப் போனார், ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மில்லுக்கு மட்டும் லீவு இல்லை.
பதினொன்றரைக்கு மில்லிலிருந்து மணி. முனிரத்தினம். மூச்சு வாங்கியது. "நாலு, நாலு குடுங்க, சீக்கிரம்." பின்னால் யாரோ அலறும் சத்தம்.
டாக்டரைத்தான் கேட்கிறார். தெரியும். நன்றாகவே தெரியும். பிளக்கை நாலில் சொருகினேன். பூட்டின கடையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி கேட்டார், மறுபடி நாலு. மூன்றாம் தரம் கேட்கவில்லை. கூட்டத்தில் புகுந்து டாக்டர் வீட்டுக்கே ஓடியிருக்கிறார். முக்கால் மணி ஆகிவிட்டது.

ஆடி 10
மில் ஆள் கோவிந்தன். மெஷின் பெல்ட்டில் கை மாட்டியிருக்கிறது. ரத்தம் நிற்காமல் அரக்கோணம் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. சின்ன வயசு, இரண்டு பெண் குழந்தைகள். டாக்டர் போஸ்ட்மாஸ்டரிடம் போனில் சொன்னது என் காதில் விழுந்தது, அரை மணி முன்னால் தெரிந்திருந்தால் பிழைத்திருப்பானாம்.
ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், டாக்டரா என்று.

ஆடி 13
எழுத்தில் கொடுக்கச் சொன்னார் போஸ்ட்மாஸ்டர். கொடுத்தேன். 'சந்தாதாரர் கேட்ட எண் 4. கொடுத்த எண் 4.' ஓர் எழுத்தும் பொய் இல்லை. சபாஷ் என்றார். மில் முதலாளி முனிரத்தினத்தை வேலையிலிருந்து நிறுத்திவிட்டாராம், நம்பர் தெரியாமல் ஓர் உயிர் போச்சு என்று. என்னை நானே காறித் துப்பிக்கொள்ள வேண்டும். நாளைக்கு முதலாளியிடம் போய்ச் சொல்லிவிடுவது.

ஆடி 14
போகவில்லை. தலைவலி.

ஆடி 15
போகவில்லை.

ஆடி 17, சனி
தூறல். முனிரத்தினம் ஆபீசுக்கே வந்தார். ஆள் பாதியாகிவிட்டார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.
"எனக்கே சந்தேகமா கீது சார். பதினாலுன்னு சொன்னாப்புல கீது. ராத்திரில தூக்கமே இல்ல. நீங்கதான கேட்டுகினு இருந்தீங்க? நான் என்னா சொன்னேன்?"
சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். போஸ்ட்மாஸ்டர் நிமிர்ந்து பார்த்தார்.
"நாலுன்னுதாங்க சொன்னீங்க."
"ஆங்," என்றார். கும்பிட்டுவிட்டுப் போனார்.