முதலில் எழுந்த கை

ஜூன் 2

குருவி அப்பாவுக்கு,

நலம். குருவிக்கு இருமல் விட்டுவிட்டது. முன்பல் இரண்டும் விழுந்து, சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்கிறாள்.

சனிக்கிழமைதோறும் நூலகத்தில் நீங்கள் பிள்ளைகளுக்குக் கதை சொல்வது அவள் பள்ளிக்கூடம்வரை தெரிந்துவிட்டது. போயே ஆக வேண்டுமாம். யார் யார் பிள்ளைகளுக்கோ கதை சொல்ல ஊர் ஊராகப் போனீர்கள்; சொந்தப் பிள்ளை காய்ச்சலில் கிடந்தபோது வீட்டு ஞாபகம் வரவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. இருந்தாலும் அனுப்புகிறேன்.

போன முறை வாசலில் வந்து தூக்கிக் கொஞ்சிவிட்டுப் போனீர்கள். ஒரு வாரம் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆகவே மற்றப் பிள்ளைகளைப் போல வருவாள், கேட்பாள், போவாள். தனியாகக் கூப்பிடுவதும் பேசுவதும் கூடாது. மீறினால் அன்றோடு சரி.

குருவி அம்மா

ஜூன் 9

அன்புள்ள குருவி அம்மாவுக்கு,

நீ சம்மதித்ததே பெரிது.

குருவி மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நான் கரடிபோல் உறுமியதும் முன்வரிசைப் பொடியன் ஒருவன், "கரடி இப்படிக் கத்தாது மாமா, உங்களுக்குத் தொண்டை கட்டியிருக்கு" என்றான். அறையே சிரித்தது. அவளும் சிரித்தாள், வாயை மூடாமல். அந்தப் பக்கம் ஒரு நொடிதான் பார்த்தேன். பிறகு எதிர்ச்சுவரைப் பார்த்தே கதையை முடித்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

குருவி அப்பா

ஜூன் 30

அன்புள்ள குருவி அம்மாவுக்கு,

நாலு வாரமாக வாக்குத் தவறவில்லை. நேற்று, செருப்பைத் தொலைத்த கரடியின் கதை. வீட்டில் அவளைத் தூங்கவைக்க நான் இட்டுக்கட்டியது, உனக்கு ஞாபகமிருக்கும். பாதியில் நிறுத்தி, "செருப்பு எங்கே இருந்துச்சு, யாருக்குத் தெரியும்?" என்று கேட்டேன். முதலில் எழுந்தது அவள் கைதான். முழங்காலில் நின்று, எட்டுகிற அளவுக்கு எட்டித் தூக்கினாள். பக்கத்துப் பையனைக் கேட்டேன். தப்பாகச் சொன்னான். இன்னொரு பெண்ணைக் கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை. கடைசியில் நானே சொல்லி முடித்தேன்.

நீ போட்ட கோட்டை நான் தாண்டவில்லை. இனியாவது அவளோடு ஒரு வார்த்தை பேச விடுவாயா?

குருவி அப்பா

ஜூலை 7

குருவி அப்பாவுக்கு,

மருந்துக் கடையில் கூட்டம் குறைந்த நேரத்தில் எழுதுகிறேன். நேற்று குருவியை நான் தடுக்கவில்லை. தலை வாரிப் புறப்பட்ட பிறகு, போக மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள்.

"ஏன்டி?"

"அந்த மாமாவுக்கு என்னைத் தெரியலம்மா."

"மாமாவா? அது அப்பாடி."

"அப்பாவா இருந்தா என்னைக் கேட்டிருப்பாரு. செருப்பு கரடி கால்லயேதான் இருந்துச்சுன்னு எனக்கு மட்டும்தானே தெரியும்."

நான் சொன்னதைத்தான் நீங்கள் செய்தீர்கள். உங்களை எப்படித் திட்டுவது?

குருவி அம்மா

ஜூலை 14

அன்புள்ள குருவி அம்மாவுக்கு,

நேற்று பாதிக் கதையில் நின்றுவிட்டேன். "அப்புறம்? அப்புறம்?" என்று பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நூலகர் வந்து எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பினார்.

ஒன்றே ஒன்று செய். அம்மாவுக்குக் கொடுத்த வாக்குக்காகத்தான் அப்பா உன்னைக் கேட்கவில்லை என்று அவளிடம் சொல். நீ சொன்னால்தான் நம்புவாள். வேறெதுவும் கேட்க மாட்டேன்.

குருவி அப்பா

ஜூலை 25

குருவி அப்பாவுக்கு,

சொன்னேன். குளிப்பாட்டித் தலை துவட்டும்போது சொன்னேன்.

"நீ சொன்னதாலயா அப்பா என்னைக் கேக்கல?"

"ஆமா."

"நீ என்ன சொன்னாலும் கேப்பாரா?"

"கேப்பாருன்னுதான் நினைக்கிறேன்."

"அப்ப வீட்டுக்கு வரச் சொல்லு."

மாட்டேன் என்றேன். பொய் சொல்லித் தேற்றியிருக்கலாம். மனம் வரவில்லை. துண்டை என் கையிலிருந்து வாங்கித் தானே துவட்டிக்கொண்டாள். அன்றிலிருந்து என்னோடும் அவ்வளவாகப் பேச்சில்லை.

இனி எழுத வேண்டாம். சனிக்கிழமைகளில் அவளைத் தேடவும் வேண்டாம். கதை நேரத்தில் வீட்டிலேயே தூங்கிவிடுகிறாள், இல்லாவிட்டால் தூங்குவதுபோல் கண்ணை மூடிப் படுத்திருக்கிறாள். நான் எழுப்புவதில்லை.

குருவி அம்மா